நெலிதாவின் பெயரில் போன மெயில்

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அதனால் இதைக் கொஞ்சம் சூடாகத்தான் சொல்வேன்.

உருகுவேயின் பைசாண்டூ ஊரில் எங்கள் மருத்துவக் கூட்டுறவுக்குள் நுழைந்ததும் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் நெலிதா பெந்தான்கோர் உட்கார்ந்திருப்பாள். டாக்டரைப் பார்க்க நாள் குறித்துக் கொடுப்பது அவள் வேலை. பக்கத்து ஜன்னலில் மருந்து கொடுப்பவன் நான். நெலிதா தோல் பதனிடும் ஆலையில் உழைத்தவரின் மகள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வாய் கொஞ்சம் நீளம். ரொட்டிக் கடை வரிசையில் நின்றுகொண்டே, "உங்க முட்டி எப்படி இருக்கு?" என்று விசாரிப்பாள். யாருக்கு எந்த டாக்டரைக் கண்டால் பயம், யாரைத் துணையோடு வரச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எங்கள் ஊரில் அலுவலகத்திடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆளிடம்தான் கேட்போம். கூட்டுறவு என்றால் எங்களுக்கு நெலிதா.

இது மேலாளர் எச்செவெரிக்கும் தெரிந்திருந்தது. வினையே அங்கேதான் தொடங்கியது.

தலைநகர் மொந்தெவிதேயோவிலிருந்து ஒரு புரோகிராம் வாங்கினார்கள். யார் என்றைக்கு டாக்டரைப் பார்க்க வர வேண்டும் என்று அதுவே மெயில் அனுப்பிவிடும். முதலில் 'பதில் அனுப்ப வேண்டாம்' என்ற பெயரில் மெயில்கள் போயின. ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு திடீரென்று எல்லோரும் திறக்க ஆரம்பித்தார்கள். மேலாளர் சந்தோஷத்தில் அலுவலகம் முழுவதற்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். எதற்கு என்று மட்டும் சொல்லவில்லை.

வில்மர் ஒலிவேரா ஆரஞ்சு லாரி ஓட்டுபவன், நெலிதாவோடு ஒரே வகுப்பில் படித்தவன். வேலை முடிந்ததும் நாங்கள் மூவரும் ஆற்றங்கரையில் உட்காருவோம். நெலிதாதான் குடுவையில் மாத்தே இலையைப் போட்டு, பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றுவாள். கசப்பு மிகுந்த முதல் சுற்றைத் தானே உறிஞ்சிவிட்டு, இரண்டாவதை வில்மரிடம் நீட்டுவாள். ஒரே குடுவை, ஒரே குழல், கைமாறிக்கொண்டே இருக்கும். நீட்டிய கையை மறுப்பது எங்கள் பக்கம் சின்ன விஷயமல்ல.

அன்று வில்மர் வாங்கவில்லை.

"என்னப்பா, வயிறு சரியில்லையா?" என்றாள் நெலிதா.

"வயிறு நல்லாத்தான் இருக்கு. கண்ணுதான் போச்சு. உனக்குத் தெரியாதாக்கும்!"

"கண்புரை ஆபரேஷன் இந்நேரம் முடிஞ்சிருக்கணுமே?"

"நடிக்காதே. அன்னிக்கு லோடு ஏத்திக்கிட்டு மொந்தெவிதேயோ போறேன், வேற நாள் குடுன்னு உனக்கு எழுதினேன். பதிலே இல்ல. அடுத்துக் குடுத்த தேதியும் லோடு நாளு. கெஞ்சி எழுதினேன். அதுக்கும் வாயத் தெறக்கல நீ. ரெண்டு தடவை வரலைன்னு என் பேரை வரிசையில கடைசிக்குத் தள்ளிட்டீங்க. லைசென்ஸ் புதுப்பிக்கப் போனா, கண்ணு தெரியலைன்னு திருப்பி அனுப்பிட்டான். லாரி மரத்தடியில நிக்குது, போய்ப் பாரு!"

"எனக்கா எழுதினே? எதுல?"

போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். அனுப்பியவர் பெயர் தெளிவாக இருந்தது: நெலிதா பெந்தான்கோர்.

"இதை நான் அனுப்பல, வில்மர்."

"அப்போ உன் பேர்ல பேயா வந்து அனுப்பிச்சு?" என்று எழுந்து போய்விட்டான்.

மறுநாள் காலையில் நெலிதா தன் ஜன்னலைத் திறக்கவில்லை. நேராகக் கம்ப்யூட்டர் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். புரோகிராமைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த ரொமினா, கேட்டதும் திரையைத் திருப்பிக் காட்டினாள். ஒவ்வொரு மெயிலுக்கும் தலைப்பில் வரும் வரிகளைப் புரோகிராம்தான் எழுதுகிறது. யாரிடமிருந்து, யாருக்கு, என்ன விஷயம், பதில் எங்கே போக வேண்டும். முதல் வரியில் நெலிதாவின் பெயர். பதில் போகிற வரியில், யாருமே திறந்து பார்க்காத ஒரு முகவரி.

"அந்த இடத்துல எந்தப் பேரைப் போட்டாலும் போகும்மா. கம்ப்யூட்டர் கேக்காது," என்றாள் ரொமினா.

"கம்ப்யூட்டர் கேக்காது. நீ கேட்டிருக்கலாமே?"

"நீங்க சம்மதிச்சிட்டதா மேலாளர் சார் சொன்னாரும்மா..."

அந்த முகவரிக்கு வந்து கிடந்தவற்றைத் திறக்கச் சொன்னாள். 'நெலிதா கண்ணு, அம்மாவால மாடிப்படி ஏற முடியல, கீழே பாக்கச் சொல்லேன்.' 'உன்னத்தான் நம்பியிருக்கேன் நெலிதா.' வெறும் 'ரொம்ப நன்றி நெலிதா, நல்லா இரு' என்று மட்டும் எத்தனையோ. நின்றபடியே படித்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அங்கிருந்து நேரே மேலாளர் அறைக்குப் போனோம். எச்செவெரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "இதுல என்னம்மா இருக்கு? ஒரே ஒரு வரி. ஊர்ல உங்க பேருக்கு அவ்வளவு மரியாதை. பெருமைப்படணும் நீங்க."

"அப்போ உங்க பேரைப் போடுங்க சார். பதிலும் உங்களுக்கே வரட்டும்."

"எனக்கு எங்கேம்மா நேரம்? ஊரே எழுதுமே!"

கேட்டீர்களா? ஊரே எழுதும் என்று இந்த மனுஷனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது! தெரிந்தேதான் அத்தனை பேரின் கெஞ்சலையும் குப்பையில் கொட்ட ஏற்பாடு செய்து, மேலே நெலிதாவின் பெயரை ஒட்டியிருக்கிறார். எனக்குக் கை துறுதுறுத்தது. நெலிதா என்னைக் கண்ணாலேயே அடக்கினாள்.

"என் பேரை எடுங்க. வில்மருக்கு அவன் இடத்தைத் திருப்பிக் குடுங்க. நடந்தது என்னன்னு எல்லாருக்கும் எழுதுங்க. இல்லைன்னா உறுப்பினர் கூட்டத்துல நானே எழுந்து சொல்லுவேன்."

"அவ்வளவுதானே? மன்னிப்பே கேட்டுடலாம்மா," என்றார். கூட்டம் என்றதும் குரல் இறங்கிவிட்டது.

மன்னிப்பு மெயிலும் போனது. 'உங்கள் கடிதங்களுக்குப் பதில் எழுதாமல் இருந்ததற்கு மனமார மன்னிப்புக் கேட்கிறேன். இனி கவனமாக இருப்பேன்.' அனுப்பியவர்: நெலிதா பெந்தான்கோர்.

ஆமாம், அவள் பெயரில்தான்! நெலிதா போய்க் கேட்டால், "வேற பேர் போட்டா எவனும் திறக்க மாட்டானேம்மா. இதுதான் கடைசி," என்றார். சொன்னபடி அதன்பிறகு பெயரை எடுத்துவிட்டார்கள். எடுத்து என்ன பயன்? செய்யாத தப்பை அவளே ஒப்புக்கொண்டதாக ஊர் முழுக்க எழுதியாகிவிட்டது. உறுப்பினர் கூட்டத்தில் எழுந்து சொன்னாள். "அப்புறம் ஏன் மன்னிப்புக் கேட்டே?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். ஜன்னலுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்தாள். "விடும்மா, மனுஷின்னா மறதி இருக்கத்தான் செய்யும்," என்று கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். பெரிய மனதாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வில்மரின் ஆபரேஷனுக்கு மட்டும் டாக்டர் வீடுவரை நடந்துபோய் நாள் வாங்கினாள். அது நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு மாலை ஆற்றங்கரைக்கு வந்தான். இந்த முறை பிளாஸ்க் அவன் கையில். முதல் சுற்றை அவனே உறிஞ்சிவிட்டு, இரண்டாவதை ஊற்றி அவளிடம் நீட்டினான்.

"தப்பை ஒத்துக்கிட்டியே நெலி, அதுவே பெருசு. நான் எல்லாத்தையும் மறந்துட்டேன்."

நெலிதா மடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அந்த மெயிலை நான் எழுதல, வில்மர்."

"சரி, சரி, எழுதல. குடி, ஆறிடப் போகுது."

"சும்மா சொல்லாதே. நம்புறேன்னு சொல்லு. அப்புறம் குடிக்கிறேன்."

வில்மர் என்னைப் பார்த்தான். ஆற்றைப் பார்த்தான். மாத்தே அவன் கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது. அவன் இன்னும் சொல்லவில்லை.