குனிந்து பார்க்காத பூவிழி

அரிசியை மெஷினில் கொட்டிவிட்டு, அது இறங்குகிற வாயையே பார்த்தபடி நிற்கிறார் பூவிழி. இடுப்பு மட்டத்தில், இரண்டு கைகளுக்கும் நடுவில் ஒரு கைப்பேசி. கட்டைவிரல்கள் இரண்டும் அதன்மேல் ஓடிக்கொண்டிருக்கின்றன. கண் ஒரு தடவைகூடக் கீழே இறங்கவில்லை. ‘மல்லித்தூள் ஆச்சு, வந்து வாங்கிக்கங்க’ என்று யார் வீட்டுக்கோ செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. இதற்குள் அரிசியும் தீர்ந்துவிட, வெறும் வாயில் மெஷின் ஓடக்கூடாதே என்று அடுத்த சம்படத்தைத் தூக்கிச் சாய்க்கிறார்.

மீன்சுருட்டி ஊர்க் கடைத்தெருவை ஒட்டிய சந்தில் இருக்கிறது அவருடைய மாவு மில். சந்து முனையிலேயே மிளகாய் நெடி மூக்கைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே சுவர், காலண்டர், மின்விசிறி, பூவிழியின் புருவம் எல்லாம் ஒரே வெள்ளை.

அந்தக் கைப்பேசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்வைக்கு எல்லாருடையதும் போலக் கண்ணாடி முகம்தான். முகத்தைக் கட்டைவிரலால் மேலே தள்ளினால் அடியிலிருந்து எழுத்துப் பொத்தான்கள் வெளியே வரும். கணவர் கலைவாணன் சிங்கப்பூரிலிருந்து ஒரு விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தது. அங்கேயும் பழைய சாமான் கடையில்தான் எடுத்தாராம். பாதிப் பொத்தான்களில் எழுத்து அழிந்துவிட்டது. நட்ட நடுவில் இருக்கிற பொத்தானில் ஒரு சின்ன ஒட்டுப்பொட்டு ஒட்டியிருக்கிறார். விரல் அந்தப் பொட்டைத் தடவிப் பார்த்துவிட்டால் மற்ற எழுத்தெல்லாம் எங்கே இருக்கின்றன என்று அதற்கே தெரிந்துவிடும். வாரம் ஒருமுறை பழைய பல்துலக்கியால் பொத்தான் இடுக்கில் சேர்ந்த மாவைத் தட்டி எடுப்பார்.

அந்த மில்லுக்கு மாவு அரைக்கப் போகிற நான் தொடுதிரைக் கட்சி. எனக்கு அதில் தமிழ் எழுத்தே வருகிறது. பாதிச் சொல்லை எழுதினால் மீதியை அதுவே எடுத்துக் கொடுக்கிறது. பூவிழியோ தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புகிறவர். இந்த வசதியையெல்லாம் நான் அடுக்கியபோது அவர் மறுக்கவில்லை. “நல்லாத்தான் சார் இருக்கு, நாளு பூரா சும்மா உக்காந்திருக்கறவங்களுக்கு” என்றார். என்னைத்தான் சொன்னார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பேசினாலே அதுவாக எழுதிக்கொள்ளுமே என்றேன். மெஷினின் விசையைத் தட்டிவிட்டு, “இப்ப பேசுங்க” என்றார். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. அதோடு விடாமல் என் கைப்பேசியை வாங்கி, மாவு அப்பிய விரலால் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார். ஒன்று தொட்டால் இன்னொன்று வந்தது, அப்புறம் எதுவுமே வரவில்லை. துடைக்காமலே திருப்பிக் கொடுத்தார்.

ஜெயங்கொண்டத்தில் கைப்பேசி பழுது பார்க்கும் அசோக்கும் சொல்லிப் பார்த்துவிட்டார். “அக்கா, இதுக்கு ஸ்பேர் இருக்கான்னு மெட்ராஸ்ல கேட்டா சிரிக்கிறாங்கக்கா. நல்ல டச் போனா ஒண்ணு எடுத்துக்கங்க.”

“சிரிக்கட்டும். எம்மவ ஆட்டத்த அவங்க பாத்திருக்காங்களா?”

கைப்பேசிக்கும் ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அசோக் கேட்கமாட்டார். அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் இருந்தது. கேட்டேன்.

மகள் சுவாதி அரியலூரில் கல்லூரியில் படிக்கிறாள். கபடி ஆடுகிறாள். எதிரணிக்குள் பாடிக்கொண்டு போய்த் தொட்டுவிட்டுத் திரும்புகிற வேலை அவளுடையது. பள்ளியில் ஆடும்போது ஒருமுறை தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. சிங்கப்பூரில் இருந்த கலைவாணன் ஆட்டத்துக்கே தடை போட்டுவிட்டார். அம்மாவும் மகளும் மாற்றி மாற்றிக் கெஞ்சியபிறகு ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். மகள் ஆடும்போது பூவிழி கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவை அவள் பாடிப் போகும்போதும் என்ன நடந்தது என்று கலைவாணனுக்கு உடனுக்குடன் எழுத வேண்டும். படம் பிடித்து அனுப்பினால் போதாது. அவர் வேலை செய்கிற கப்பல் பட்டறையில் ஞாயிறும் வேலை உண்டு. செய்தி என்றால் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம், படம் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

கண்ணையும் எடுக்கக்கூடாது, எழுதவும் வேண்டும். இது யாராலும் ஆகாது என்று நினைத்துத்தான் மனிதர் அப்படிச் சொல்லியிருப்பார் என்பது என் எண்ணம். பூவிழி மில்லில் பார்க்காமலே எழுதிப் பழகியவர் என்பதை அவர் யோசிக்கவில்லை.

“டச்சு போனு என்னயப் பாரு என்னயப் பாருங்குது சார். நான் ஏன் அதப் பாக்கணும்? எனக்குப் பாக்க ஆளு இருக்கு.” இதைச் சொல்லும்போது அவர் கழுத்து ஒரு விரற்கடை உயர்ந்தது.

செந்துறையில் நடந்த ஒரு போட்டியில்தான் சறுக்கல். அன்றைக்குப் பார்த்துப் பொத்தான் பலகை சிக்கிக்கொண்டு வெளியே வரவில்லை. மகளின் தொடுதிரைக் கைப்பேசியை வாங்கி எழுதினார். எழுத்து சரியாக விழுந்ததா என்று குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது சுவாதியை இரண்டு பேர் தாங்கி வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்கள். கணுக்கால் பிசகியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் எப்படி விழுந்தாள் என்று கலைவாணன் கேட்டபோது, தெரியாது என்றுதான் பூவிழியால் சொல்ல முடிந்தது.

“‘அப்ப நீ பாக்கல’ன்னாரு சார். ஒரே வார்த்த. எனக்குச் சோறு எறங்கல.” இன்னொரு தடவை இப்படி ஆனால் கபடியை விட்டுவிட வேண்டியதுதான் என்று கலைவாணன் முடிவாகச் சொல்லிவிட்டார். பூவிழி மறுநாளே மில்லைச் சாத்திவிட்டு அசோக்கின் கடையில் போய் உட்கார்ந்தார். செத்துப்போன வேறொரு கைப்பேசியின் உறுப்பை எடுத்துப் பொருத்தி, பலகை வழுக்கிக்கொண்டு வெளியே வரும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

அடுத்த போட்டி பெரம்பலூரில். நானும் போயிருந்தேன். நல்ல வெயில். என் கைப்பேசியின் திரையில் என் மூக்குதான் தெரிந்தது. பூவிழி கோட்டை ஒட்டிக் கயிற்றோரம் நின்றார், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு. சுவாதி பாடிப் போகும்போதெல்லாம் விரல்கள் ஓடின. ‘உள்ள போறா.’ ‘ஒருத்தியத் தொட்டுட்டா.’ ‘வந்துட்டா.’ சிங்கப்பூரில் கலைவாணனின் அறையில் தங்கியிருக்கும் உடையார்பாளையத்து ஆட்களும் இதற்குத்தான் காத்திருப்பார்களாம். பூவிழியின் பக்கத்தில் நிற்கவே எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் எனக்கு என்ன உறவா, நட்பா? ஆனாலும் இருந்தது.

இரண்டாம் பாதியில் சுவாதி பாடிப் போனாள். திரும்பும்போது ஒருத்தி காலைப் பிடித்தாள், இன்னும் மூன்று பேர் மேலே விழுந்தார்கள். புழுதியில் யார் கை, யார் கால் என்றே தெரியவில்லை. கூட்டம் கத்தியது. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். பூவிழியின் கண் அங்கேயே இருந்தது. விரல்கள் நிற்கவில்லை. நான் அவர் திரைக்குக் கையால் நிழல் கட்டி எட்டிப் பார்த்தேன்.

‘விழுந்துட்டா.’

‘நாலு பேரு மேல கெடக்குறாங்க.’

‘கை நடுக்கோட்டத் தொட்டுடுச்சு. நாலு பேரும் அவுட்டு.’

‘எல்லாரும் எழுந்துட்டாங்க. இவ எழுந்திரிக்கல.’

‘காலு அசையுது.’

‘கைய ஊனுறா.’

‘எழுந்துட்டா. தோளச் சுத்திப் பாக்குறா.’

‘சிரிக்கிறா.’

ஒன்றையும் மறைக்கவில்லை, ஒன்றையும் கூட்டவில்லை. ஒரு எழுத்துப் பிழை இல்லை. என் கண்ணில் நீர் வந்துவிட்டது, வெயில் என்று சொல்லிக்கொள்ள நான் தயாராக இல்லை.

பயிற்சியாளர் மணிமாறன் கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “மாத்திடட்டுமாக்கா?” என்று கையை உருட்டிக் கேட்டார். சுவாதி அம்மாவைப் பார்த்து, முடியும் என்று தலையாட்டினாள். பூவிழி கொஞ்சம் தயங்கினார். பிறகு, “ஆடட்டும் தம்பி!” என்று கூவினார். கூவிக்கொண்டே விரலால் அதையும் எழுதினார். ‘மாத்தவான்னு கேட்டாங்க. முடியும்ங்கறா. நான் ஆடட்டும்னுட்டேன்.’

பதில் வரவில்லை. எதிரணிப் பெண் பாடி வந்து போனாள். சுவாதி நடுக்கோட்டருகே போய் நின்று மண்ணைத் தொட்டுக்கொண்டாள். அப்போது கைப்பேசி அதிர்ந்தது.

“என்னன்னு படிங்க சார்,” என்றார் பூவிழி. கைப்பேசியை என் பக்கம் சாய்த்துப் பிடித்தாரே தவிர, கண்ணை மகளிடமிருந்து எடுக்கவில்லை.

நான் மறுபடி நிழல் கட்டிப் படித்தேன். “‘நல்லாப் பாத்திருக்க. ஆடட்டும். இனிமே எழுத வேணாம், நீ அவளப் பாரு.’”

பூவிழி பலகையை உள்ளே தள்ளி மூடினார். கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டு, சும்மா இருந்த இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கித் தட்ட ஆரம்பித்தார்.