வாயில் வெள்ளையாக ஒன்று

குருவியக்கா என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிடுவார்கள். வீடு கட்டவோ சாலை போடவோ ஒரு காட்டை அழிப்பதற்கு முன்பு, அங்கே எந்தெந்தப் பறவை கூடு வைத்திருக்கிறது என்று பார்த்து எழுதிக் கொடுப்பது அவள் வேலை. வயது நாற்பத்தாறு. தலைகீழாக நின்றாலும், கண்ணால் காணாத ஒன்றை அவளிடமிருந்து எழுதி வாங்க முடியாது. "எதிரே யானையே போனாலும், அக்கா அந்நேரம் குனிஞ்சு செருப்பு மாட்டிக்கிட்டிருந்தா யானை இல்ல" என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டுமே, யாருக்கு நஷ்டம்?

அந்தப் பிடிவாதம் சும்மா வரவில்லை. முன்பு அவள் நாற்சந்தியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வண்டிகளை எண்ணும் வேலை பார்த்தாள். எதிர் மூலையில் எண்ண வேண்டியவன் டீக்கடையில் உட்கார்ந்தபடியே மதியத்துக்குள் குத்துமதிப்பாகக் கட்டங்களை நிரப்பிவிடுவான். அவளுக்குத் தெரியும். நமக்கேன் வம்பு என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள். அந்தத் தாளை நம்பி அங்கே சிக்னல் தேவையில்லை என்று முடிவு செய்தார்கள். அடுத்த வருடமே, பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு பெண்பிள்ளைக்கு அந்த முக்கில் கால் போயிற்று. அதற்குப் பிறகு குத்துமதிப்பு என்ற சொல்லையே அவள் தன் வேலையில் அண்டவிடவில்லை.

இப்போது அவள் கையில் இருப்பது ஊர் விளிம்பில் ஒரு மரக்காடு. அதை வெட்டி இருநூறு வீடுகள் கட்டத் திட்டம். ஆறு காலைகள் போய்ப் பார்த்து எழுத வேண்டும். விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை, ஒரு நிமிஷம் கூடவும் கூடாது குறையவும் கூடாது. ஐந்து காலைகள் முடிந்துவிட்டன. கிடைத்ததெல்லாம் காக்கையும் புறாவும்தான், எந்தப் புல்டோசரையும் நிறுத்தாத கூட்டம். ஆனால் ஐந்தாவது காலையில், பாதி பட்டுப்போன ஒரு பெரிய மரத்தில், செந்தலையோடு கரிய பெரிய மரங்கொத்தி ஒன்று ஒரு மூச்சு நேரம் தெரிந்து மறைந்தது. அந்தப் பக்கத்தில் இருபது வருடமாக யாரும் காணாத பறவை. மரத்தடியில் புது மரத்தூள் உதிர்ந்து கிடந்தது, மேலே வட்டமாக ஒரு பொந்தும் இருந்தது.

படிவத்தில் மூன்று கட்டங்கள் உண்டு: 'காணப்பட்டது', 'கூடு இருக்கலாம்', 'கூடு உறுதி'. முதல் இரண்டுக்கும் யாரும் மரியாதை கொடுக்க மாட்டார்கள். மூன்றாவதில் குறி விழுந்தால் காட்டின்மேல் கைவைக்க முடியாது, திட்டத்தையே மாற்றிப் போட வேண்டும். விழாவிட்டால் திங்கட்கிழமை மரங்கள் சாயும்.

இதில் பெரிய இடி என்னவென்றால், அவற்றைச் சாய்க்கப்போகும் புல்டோசரில் உட்காரப் போகிறவன் அவள் புருஷன்.

அவன் கல் குவாரியில் இயந்திரம் ஓட்டியவன். குவாரியை மூடி எட்டு மாதம் ஆகிறது. அங்கிருந்து அவன் கொண்டுவந்தது ஓர் இருமலை மட்டும்தான். எட்டு மாதத்தில் வீட்டில் எண்ணெய் போடாத கீல் இல்லை, தேய்க்காத பாத்திரம் இல்லை. கடைசியில் ஒரே அலமாரியை மூன்று முறை கழற்றி மாட்டினான். போன வாரம் இந்த வேலை வாய்த்ததும் பழைய காக்கிச் சட்டையைத் தோய்த்து இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டினான். மரங்கொத்தியைப் பற்றி அவள் ஒரே ஒரு முறை சொன்னாள். "அப்படியா" என்றான். அதோடு சரி. ஒரு வாரமாக அந்த வீட்டில் உப்பு புளி பற்றிப் பேசினார்களே தவிர மரம் என்ற சொல்லை இருவரும் எடுக்கவில்லை.

ஆறாவது காலை அவளுடைய ஸ்கூட்டர் கிளம்ப மறுத்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். உதைத்து உதைத்துக் கால் நொந்தது.

"விடு, நான் கொண்டுபோய் விடறேன்" என்று அவன் தன் மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

காட்டு வாசலில் வீட்டுத் திட்டத்தின் சூப்பர்வைசர் காரில் காத்திருந்தான். நிமிஷத்துக்கொரு தரம் மணி பார்ப்பதால் அவனுக்குக் கடிகாரம் என்றே பெயர்.

"அண்ணே! நீங்களும் வந்துட்டீங்களா?" என்று அவள் புருஷனின் தோளைத் தட்டினான். "ஒம்பது மணிக்கு அக்கா ஃபார்மைக் கொடுத்துட்டா, திங்கக்கிழமை நீங்க வண்டியில ஏற வேண்டியதுதான். என்னக்கா, புதுசா ஒண்ணும் இல்லையே?"

"ஒம்பது மணிக்குச் சொல்றேன்" என்றாள்.

மரத்துக்கு முப்பது அடி தள்ளி, வெயில் முதுகில் விழும்படி அவள் உட்கார்ந்தாள். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தான். கால் மணி நேரத்தில் இருமல் வந்தது. கையால் பொத்தினான், துண்டால் பொத்தினான், அது அடங்குவதாக இல்லை.

"ஏங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அந்தப் பக்கம் போய் உட்காருங்க. இங்க இருமினா பறவை ஊரை விட்டே ஓடிடும்."

அவன் பெரிய வட்டமாகச் சுற்றி, மரத்துக்குப் பின்பக்கம் ஒரு பாறையில் போய் உட்கார்ந்தான்.

ஆறு ஆயிற்று, ஏழு ஆயிற்று. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தப் பொந்தையே பார்த்தாள். ஓர் எறும்பு கூட எட்டிப் பார்க்கவில்லை. எட்டும் ஆயிற்று. பறவை இருக்கிறது என்று உள்ளுக்குள் ஒன்று அடித்துச் சொல்கிறது. ஆனால் உள்ளுக்குள் சொல்வதைப் படிவத்தில் எழுத முடியுமா? இன்னொரு பக்கம், கூடு இல்லாமல் போனால் திங்கட்கிழமை அந்தக் காக்கிச் சட்டை ஆணியிலிருந்து இறங்கும் என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

எட்டேகாலுக்குப் புருஷன் மெல்ல நடந்து வந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. தண்ணி." இரண்டு மடக்குக் குடித்தான். பொந்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், திரும்பிப் போனான்.

எட்டரை தாண்டி மறுபடியும் வந்தான். இந்த முறை தண்ணீர் கேட்கவில்லை.

"பொந்து அதுவா?" என்று மேலே காட்டினான்.

"ஆமா. ஏன்?"

"பின்பக்கம் ஒண்ணு இருக்கு. கிளைக்கு அடியில. அதுல ஒண்ணு போய் வருது. கருப்பா, தலையில சிவப்பா." அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "வெளிய வர்றப்ப வாயில வெள்ளையா என்னமோ வச்சிருந்துச்சு."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அட மடச்சி! மரங்கொத்தி ஒரு பொந்தைத் தோண்டும், பிடிக்காவிட்டால் விட்டுவிட்டு வேறொன்று தோண்டும். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார் என்பதுதான் இந்தத் தொழிலில் முதல் பாடம். பறவை மிரளுமே என்று பயந்து, வெயிலுக்கும் முதுகைக் காட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டு, விடிந்ததிலிருந்து காலி வீட்டின் கதவைக் காவல் காத்திருக்கிறாள்.

"எப்ப பார்த்தீங்க?"

"எட்டு மணிக்கு."

"எட்டு மணிக்கா!"

"அரை மணி நேரம் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்" என்றான், தரையைப் பார்த்தபடி. "சொல்லாம விட்டுடலாம்னுதான் நெனச்சேன். முடியல."

பதில் சொல்ல நேரமில்லை. அவள் வட்டமடித்து ஓடிப் பாறைக்குப் பின்னால் குந்தினாள். அவன் சொன்னது அவன் கண்டது. அவள் காண வேண்டும். எட்டு நாற்பது ஆயிற்று. எட்டு ஐம்பது ஆயிற்று. வாசலில் கடிகாரம் ஹார்ன் அடித்தான். புருஷன் துண்டை வாய்க்குள்ளேயே திணித்துக்கொண்டான், கண்ணில் நீர் கொட்டியது.

எட்டு ஐம்பத்து நாலுக்குக் கறுப்பாக ஒன்று வந்து மரத்தில் ஒட்டியது. அலகில் ஒன்றுமில்லை. உள்ளே போனது.

"வெறும் வாயோடதானே போகுது?" என்று அவன் கிசுகிசுத்தான்.

"இது இரையைத் தொண்டையிலதான் கொண்டுபோகும். வெளிய வர்றதைப் பாருங்க."

வந்தது. அலகு நிறைய வெள்ளையாக ஒரு பொட்டலம். குஞ்சின் எச்சம்! பிள்ளை கழிந்ததைத் தாயோ தகப்பனோ அள்ளிக்கொண்டு போய்த் தூர எறியும். உள்ளே உயிரோடு குஞ்சு இருக்கிறது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. அவள் விரல் கேமராவை அழுத்தியது. மூன்றாவது கட்டத்தில் குறி போட்டாள். 'கூடு உறுதி. 8.56.'

அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: 'கூட்டை முதலில் கண்டவர்'.

எழுதி எழுதிப் பழகிய கை அங்கே நின்றுவிட்டது. இந்த ஒரு வேலை போவது போகட்டும்; அவன் பெயரும் இதில் ஏறினால், இந்த ஊரில் மண் தள்ளுகிற எவன் இனி அவனை வண்டியில் ஏற்றுவான்? தன் பெயரை எழுதிவிடலாம். இல்லை, காலியாக விட்டுவிடலாம். யார் கேட்கப் போகிறார்கள்? வாழ்நாளில் முதல் முறையாக அவள் குத்துமதிப்பு போட நினைத்தாள், அதுவும் அவனுக்காக.

அவன் அவள் தோளுக்கு மேலே எட்டிப் படித்தான்.

"என்ன யோசனை? எழுது."

"வேண்டாங்க. உங்க பொழப்பு..."

"இத்தனை வருஷமா ஊரையெல்லாம் திட்டிட்டு, எனக்கு மட்டும் காலியா விடுவியா? கண்டது நான்தானே. எழுதும்மா."

எழுதினாள். எழுத்து கோணலாகப் போயிற்று, கண் கலங்கிவிட்டதால் வரி தெரியவில்லை.

வாசலில் கடிகாரம் படிவத்தை வாங்கிப் படித்தான். கடைசி வரியில் அவன் கண் நின்றது. மெதுவாக நிமிர்ந்தான்.

"அண்ணே, இது... நீங்களா?"

"நான்தான்" என்றான் அவள் புருஷன். "எட்டு மாசமா வேலையில்லாதவன் கண்ணு சும்மா இருக்குமா, தம்பி?"

கடிகாரம் படிவத்தை மடித்துப் பையில் வைத்தான். முதல் முறையாக மணி பார்க்காமல் காரில் ஏறிப் போனான்.

பறவை மிரளக்கூடாது என்று மோட்டார் சைக்கிளைக் கிளப்பாமல் தள்ளிக்கொண்டே இருவரும் சாலைக்கு வந்தார்கள். காடு நன்றாகப் பின்னால் போன பிறகு, அவன் வண்டியை ஓரமாக நிறுத்தி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த இருமலையெல்லாம் இருமித் தீர்த்தான். அவள் முதுகைத் தடவிக்கொண்டே பக்கத்தில் நின்றாள்.