விசையில்லாத வரைபடம்

கச்சான் என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையை விதைக்கும் கருவியை நான் ஆக்கியதற்குக் காரணம் என் மனைவியின் முதுகுவலி. எங்கள் குடியேற்றத் திட்டத்தில் நெல்லுக்கு வாய்க்கால் நீர் உண்டு. மேட்டுநிலக் கச்சானுக்கோ குனிந்த முதுகு மட்டுமே உண்டு. இடுப்பளவு நீளமான இரும்புக் குழாய். அதன் தலையில் விதை நிரப்பும் பேழை. கைப்பிடிக்குக் கீழே, விரலால் இழுக்கும் விசை. இழுத்தால் அடித்துளை திறந்து ஒரு விதை மண்ணுள் விழும். விட்டால் உள்ளிருக்கும் கம்பிச்சுருள், துளையை மூடிவிடும்.

பாடசாலையில் தமிழ் கற்பித்துவந்த எனக்கு, இதனை என் ஆக்கமென எழுத்தில் நிறுவிக்கொள்ளும் ஆசை பிறந்தது. ஆக்கவுரிமை கோரிக் கொழும்புக்கு அனுப்பவேண்டிய விளக்கத்தையும் வரைபடத்தையும் நானே ஆயத்தம் செய்தேன். அத்தகைய விண்ணப்பங்களில் பழகி, ஓய்வுபெற்று யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த சட்டத்தரணி ஒருவர், அனுப்புமுன் பார்த்துத் தர இணங்கினார்.

புறப்படுவதற்கு முதல்நாள் வரைபடத்தைக் கண்ட மனைவி, கையிலிருந்த சுளகை இறக்கி வைத்தாள்.

"இதோடையோ ஆனையிறவாலை போகப்போறியள்?"

"ஓம். ஏன்?"

"துவக்கைக் கீறி வைச்சுக்கொண்டு ஏனெண்டு கேக்கிறியள். நான் வெள்ளைச் சீலை எடுத்து வைக்கட்டோ?"

அவள் சொன்ன பின்னரே என் கண்ணுக்கும் அந்தத் துப்பாக்கி தெரிந்தது. அதன்பின் வேறெதுவும் தெரியவில்லை. யாழ்ப்பாணம் போகும் வழியில், ஆனையிறவில் பேருந்தை மறித்து, எல்லாரையும் இறக்கி, படையினர் பைகளைக் கிளறிய காலம் அது. வானொலிப் பெட்டியைத் திருத்தக் கொண்டுபோன ஒருவர், அதன் கம்பிகளுக்கு விளக்கம் சொல்லமாட்டாமல் பகல் முழுவதும் வெயிலில் நின்றார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

புதிய தாளில் மீண்டும் கீறினேன். விசையை நீக்கினேன், சுருளை நீக்கினேன். விளக்கத்திலும் அவ்விரு சொற்களையும் களைந்து, 'உரிய முறையில் விதை வெளிப்படும்' என்று எழுதினேன். மறுநாள் ஆனையிறவில் ஒருவன் அத்தாளை விரித்துப் பார்த்து, கொட்டாவி விட்டுத் திருப்பித் தந்தான். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சட்டத்தரணி தாள்களை இருமுறை வாசித்தார்.

"வசனம் நல்லாயிருக்கு, மாஸ்ரர். விதை ஏன் ஒண்டொண்டா விழுது?"

விசையைப் பற்றியும் சுருளைப் பற்றியும் சொன்னேன்.

"அது இதிலை எங்கை?"

"பயத்திலை விட்டிட்டன், ஐயா."

அவர் சிரிக்கவில்லை. "கொழும்பிலை இருக்கிறவருக்கு உங்கடை பயம் தெரியாது. தாளிலை இல்லாததுக்கு அவர் உரிமை தரமாட்டார். இப்ப இதிலை கிடக்கிறது ஒரு குழாயும் கைப்பிடியும். இதை உங்கடை எண்டு கேட்டால், தும்புத்தடியாலை வீடு கூட்டுற எல்லாரும் வழக்குக்கு வருவினம்."

சுருளின் சுற்றுகள் எத்தனை, விட்டம் எவ்வளவு என்று கேட்டார். எனக்கு நினைவில் இல்லை. கருவி வீட்டில் இருந்தது. அவர் சிவப்பு மைப் பேனாவை எடுத்து, குழாயின் அடியில் சுருளையும் கைப்பிடியின் கீழ் விசையையும் தாமே கீறினார். அருகே 'அளவு தேவை' என்று எழுதினார்.

"அளந்து, வடிவாய்க் கீறி, அடுத்த கிழமை கொண்டு வாங்கோ. வேணுமெண்டால் இதைக் கிழிச்சுப் போடுறன். வெறுங்கையோடை போங்கோ."

கிழிக்கச் சொல்லவே என் நா எழுந்தது. ஆயினும், இன்று இந்தத் தாளுடன் கடக்க இயலாதவன் அடுத்த கிழமை முழு வரைபடத்துடன் எவ்வாறு கடப்பேன்? "தாங்கோ, ஐயா" என்றேன்.

மாலையில், உப்பளக் காற்று முகத்தில் அறைய, வரிசையில் நின்றேன். தாளை ஒளிக்காமல் கையிலேயே பிடித்திருந்தேன். ஒளித்த பொருளுக்கே விளக்கம் கூடுதலாகக் கேட்பார்கள் என்று எண்ணினேன். அதனை வாங்கியவன் காலையில் கண்டவன் அல்லன். அவன் விரல் குழாய் வழியே இறங்கிச் சிவப்பு மையில் நின்றது.

"மே மொகத?"

'இது என்ன' என்ற அந்தச் சிங்களக் கேள்வி விளங்கியது. விடை சொல்லும் அளவுக்கு எனக்குச் சிங்களம் தெரியாது. பேருந்து நிலையத்தில் வாங்கிய கச்சான் பொட்டலம் சட்டைப்பையில் இருந்தது. ஒரு கச்சானை உடைத்து, குனிந்து பருப்பை மண்ணில் இட்டு, காலால் மூடிக் காட்டினேன். அவன் மற்றொருவனை அழைத்தான். இருவரும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பேருந்தில் மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். ஒருவரும் என் பக்கம் பார்க்கவில்லை. முடிவில் இரண்டாமவன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, தாளை என் மார்பில் வைத்து அழுத்தினான்.

வீடு சேர்ந்து விரித்தபோது, என் வியர்வையில் சிவப்பு மை கசிந்து, விசை இருந்த இடம் புண் போலத் தோன்றியது. கருவியைக் கழற்றிச் சுருளை எடுத்தேன். மனைவி அந்தச் சுருளை என் கையிலிருந்து வாங்கி, விளக்கருகே பிடித்து, நகத்தால் ஒவ்வொரு சுற்றாய்த் தொட்டு எண்ணினாள்.

"பதினொண்டு," என்றாள். "எழுதுங்கோ. இந்த முறை நானும் வாறன்."