இடது கையால் வாங்குகிறவள்

எனக்கு இரண்டு வயதில் வலது கால் சூம்பிப்போனது. இளம்பிள்ளை வாதம். நடக்கும்போது வலது கையை முழங்காலுக்குச் சற்று மேலே அழுத்தி ஊன்றிக்கொண்டால்தான் கால் மடங்காமல் நிற்கும். கையை எடுத்தால் விழுந்துவிடுவேன். ஆகவே நின்றாலும் நடந்தாலும் எனக்கு மிச்சமிருப்பது இடது கை ஒன்றுதான். இந்தச் சின்ன விஷயத்தைச் செந்துறைச் சாலையோரத்தில் இருந்த எங்கள் ஊருக்குப் புரியவைக்க என் சின்ன வயது முழுவதும் போதவில்லை.

எங்கள் பக்கத்தில் இடது கையால் எதையும் கொடுக்கக் கூடாது, வாங்கவும் கூடாது. பெரிய அவமரியாதை. மளிகைக் கடைக்காரர் எண்ணெய்ப் புட்டியைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே நிற்பார். "பீச்சாங்கையயா நீட்டுற? சோத்துக் கைய நீட்டு." கோவிலில் பூசாரி திருநீற்றைக் கையோடு நிறுத்திக்கொள்வார். வலது கையை விடுவிக்க வேண்டுமென்றால் நான் தரையில் உட்கார வேண்டும். எல்லாரும் நின்று வாங்குவதை நான் உட்கார்ந்து வாங்கினேன். தெரியாதவர்கள் பார்த்தால் பிச்சைக்காரி என்றுதான் நினைப்பார்கள். சிலர் காசும் போட்டிருக்கிறார்கள். அம்மாகூட விட்டுவைக்கவில்லை. வீட்டுக்கு வந்த உறவுக்காரர்களுக்கு இடது கையால் தண்ணீர்ச் செம்பை நீட்டினேன் என்று அவர்கள் முன்னாலேயே முதுகில் ஒன்று வைத்தாள்.

அதே ஊரில், அதே வெயில் காலத்தில், அதே காய்ச்சல் இன்னொரு பிள்ளைக்கும் வந்தது. முந்திரிக்காடு முழுக்க வைத்திருந்த முதலாளியின் ஒரே மகன். அவனுக்கும் வலது கால்தான். அவனை மெட்ராஸுக்குக் கொண்டுபோனார்கள். இடுப்பு வரை இரும்புக் கம்பி வைத்த பூட்ஸ் போட்டுத் திரும்பி வந்தான். அந்தக் கம்பி அவன் காலை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளும். கால் எங்கள் இருவருக்கும் ஒன்றுதான், ஆனால் அவனுக்கு இரண்டு கையும் சும்மா இருந்தது. கோவிலில் நின்றபடி வலது கையை நீட்டித் திருநீறு வாங்குவான். "தம்பிக்குக் கால்ல கொஞ்சம் கோளாறு" என்று ஊரார் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். என்னைப் பற்றிச் சொல்ல யாரும் குரலைத் தாழ்த்தியதில்லை. நொண்டி என்று தெருக்கோடியிலிருந்தே கூப்பிடுவார்கள். அவன் மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை. அந்தப் பூட்ஸைப் பார்த்தால் மட்டும் வயிறு எரியும்.

அந்த முதலாளிக்கு அரியலூரில் ஒரு சினிமாக் கொட்டகையும் இருந்தது. திருவிழாச் சமயத்தில் அம்மா என்னைக் கூட்டிப்போவாள், தரை டிக்கெட். சினிமாவில் வரும் நொண்டிகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ஒன்று, அவன் நடந்து காட்டினாலே கொட்டகை சிரிக்கும். இல்லையென்றால் கதாநாயகனுக்குத் தங்கையாக ஒரு நொண்டி இருப்பாள். அழுவாள், படியில் தவழ்வாள், கடைசி ரீலில் சாமி மனசு வைத்து எழுந்து நடப்பாள். சாமிக்கு நேரமில்லை என்றால் செத்துப்போவாள். நொண்டி ஒருத்தி வயிறாரச் சோறு தின்று, பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்டு, பரீட்சை எழுதி நான் ஒரு படத்திலும் பார்த்ததில்லை. படம் விட்டு வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே பெண்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். மறுநாள் பையன்கள் என் பின்னால் காலை இழுத்து நடப்பார்கள். இரண்டும் எனக்கு ஒன்றுதான்.

உள்ளூர்ப் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிந்தது. நல்ல மார்க். மேலே படிக்க அரியலூர் போக வேண்டும். காலை பஸ் செந்துறையிலிருந்தே படியில் ஆள் தொங்க வரும், எங்கள் ஊரில் நிற்காது. சாயங்காலம் டவுனில் கிளம்பும் பஸ்ஸில் ஏறி வந்துவிடலாம், காலையில் போவதுதான் பாடு. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல் உடைத்த அப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "மூணு சக்கர வண்டி கெடச்சா போ. அவ்வளவு தூரம் ஒன்ன நடக்க வெச்சுக் கொல்ல என்னால ஆவாது." வண்டி என்றால் கையால் சுற்றி ஓட்டுகிற வண்டி. வாங்க எங்களுக்கு வக்கில்லை. வண்டி வந்தால் படிப்பு, வராவிட்டால் அம்மாவோடு முந்திரிக்காடு. முந்திரிக்கொட்டைப் பால் பட்டு அம்மாவின் விரல்கள் தோலுரிந்து கிடந்ததைத் தினம் பார்த்தவள் நான்.

அந்த மே மாதம் டவுன் பெரிய மனிதர்கள் சேர்ந்து ஊனமுற்றவர்களுக்கு வண்டி கொடுப்பதாக அறிவித்தார்கள். விழா அதே சினிமாக் கொட்டகையில், திரைக்கு முன்னால் மேடை போட்டு. வண்டிகளுக்குப் பணம் போட்டவர்களில் எங்கள் முதலாளி முக்கியமானவர். என் பெயரும் இருந்தது. அம்மா நாகூர் ஆண்டவருக்கும் ஏலாக்குறிச்சி மாதாவுக்கும் சேர்த்தே வேண்டிக்கொண்டாள். எந்தச் சாமிக்குக் காது கேட்கும் என்று யாருக்குத் தெரியும்?

காலையில் போனதும் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் எங்களை வரிசையாக உட்காரவைத்து நடக்கப்போவதைச் சொல்லிக்கொடுத்தார். பெயர் கூப்பிட்டதும் மேடையின் அந்தக் கோடியிலிருந்து முதலாளி நிற்கும் இடம் வரை தவழ்ந்து வர வேண்டும். அவர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். பிறகு அவர் வண்டிப் பூட்டின் சாவியைக் கொடுப்பார்.

"நான் நடப்பங்க" என்றேன்.

"தெரியுது பாப்பா. நடந்து வந்தா எதுக்கு வண்டின்னு பாக்கிறவங்க கேப்பாங்கல்ல? தவந்து வந்தாத்தான் போட்டோவுல உருக்கமா இருக்கும்."

அவர் எந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இதைச் சொன்னார் என்று எனக்குத் தெரிந்தது. அம்மா என் காதுக்குள் சொன்னாள்: "ஒரு நிமிஷந்தாண்டி. கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும். வண்டி வந்துரும்ல?" அம்மாவின் கணக்கில் தப்பில்லை. எனக்கும் அந்த வண்டி வேண்டும். ராத்திரியெல்லாம் அதில் ஏறி அரியலூர் போய் வந்திருந்தேன்.

எனக்கு முன்னால் ஒரு பெரியவர். கோல் ஊன்றி நன்றாகவே நடந்து வந்தவர். மேடையேறியதும் அவர் கோலை ஒருவர் வாங்கி வைத்துக்கொண்டார். அவர் தவழ்ந்து போனார். வேட்டி அவிழ்ந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே போனார். கொட்டகை உச்சுக்கொட்டியது. அவரை நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், அவருக்கு வண்டி தேவை. ஆனால் அந்த உச்சுக்கொட்டலைக் கேட்டதும் என் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. படத்துக்கு வரும் அதே சத்தம்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். முழங்காலில் கையை ஊன்றினேன், நடந்தேன். வெள்ளை வேட்டிக்காரர் "கீழ, கீழ" என்று கையால் சைகை காட்டினார். நான் பார்க்காத மாதிரி போனேன். பிளாஷ் அடிக்கவில்லை. முதலாளி முன்னால் போய் நின்று இடது கையை நீட்டினேன்.

அவர் முகம் சுருங்கியது. "என்ன பழக்கம் இது? வலது கைய நீட்டு."

"வலது கைதாங்க எனக்குக் காலு. எடுத்தா வுழுந்துருவேன்."

"வுழேன். கால்ல வுழத்தான சொன்னாங்க."

மேடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பின்னால் நாற்காலி வரிசையில் அவர் மகன் உட்கார்ந்திருந்தான். பூட்ஸ் தெரியாதபடி தொளதொளவென்று பேண்ட், மடியில் ஒரு ரோஜா மாலை. பெரிய மனிதர்களின் பிள்ளைகளோடு அவனும் கொடுக்கிறவர்கள் பக்கம் இருந்தான்.

"அப்ப தம்பியயும் எறங்கச் சொல்லுங்க" என்றேன். "ரெண்டு பேரும் சேந்து தவந்து வரோம். ஒரே காலுதானுங்களே."

மைக் பக்கத்தில்தான் இருந்தது. தரை டிக்கெட்டுப் பக்கம் யாரோ ஒருவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார். மகன் தலையைக் குனிந்துகொண்டான். முதலாளி சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டார். வெள்ளை வேட்டிக்காரர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். எனக்கு ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். மெதுவாகத்தான் இறங்கினேன், கொட்டகை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கட்டும் என்று இருந்தது எனக்கு.

"தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாத்தாளாம்" என்று ஊர் பேசியது. நொண்டிக்கு நாக்கு நீளம் என்றும் பேசியது. மறுநாள் முந்திரிக்காட்டுக்குப் போன அம்மாவை மேஸ்திரி வேலையில்லை என்று திருப்பி அனுப்பினார். அதற்கு அடுத்த நாளும் இல்லை. அதன் பிறகு அம்மா போகவில்லை, புல் அறுத்துக் கட்டி விற்க ஆரம்பித்தாள். என் வண்டி முதலாளி வீட்டு மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்குப் பக்கத்தில் நின்றது. கோழி அடைந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன்.

அம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை. வேலை போனதற்குத்தான் கோபம் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "பேசுனதெல்லாம் சரி. அந்தச் சாவிய ஏன் வுட்டுட்டு வந்த? புடுங்கிக்கிட்டு வந்திருக்கலாம்ல?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. அன்று காலை அம்மா என்னை எழுப்பிக் குளிக்கச் சொன்னாள். தாவணி கட்டிவிட்டாள். எங்கே என்று கேட்டேன். "வா" என்றாள். அவள் நடைக்கு நான் வரும் வரை நின்று நின்று, தார்ச்சாலை வரை கூட்டிப்போனாள். அவள் ஒரு கையில் புல் அறுக்கும் அரிவாளும் மறு கையில் என் சோற்றுத் தூக்கும் இருந்தன.

அந்த நேரத்தில் சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் அரியலூர்ப் பக்கம் வரிசையாகப் போகும். எதற்கும் நிற்காத லாரிகள். அம்மா சாலைக்கு நடுவில் போய் நின்றாள், அரிவாளோடு. பிரேக் போட்ட சத்தத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏம்மா, சாவறதுக்கு என் லாரிதான் கெடச்சுதா?" டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

"பொண்ணு பள்ளிக்கூடம் போவணும். ஏத்திக்க."

அவர் அம்மாவைப் பார்த்தார், அரிவாளைப் பார்த்தார், என் கையும் காலும் நின்ற நிலையைப் பார்த்தார். "தெனமுமா?" என்று கேட்டார்.

"தெனமுந்தான். நீ வராத அன்னிக்கு வேற லாரிய மறிச்சுக்கறேன்."

அவர் முனகிக்கொண்டே இந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். ஸ்டியரிங்கை விடாமல் சாய்ந்து இடது கையை நீட்டினார், அந்தக் கைதான் எட்டும். நான் என் இடது கையைக் கொடுத்தேன். யாரும் யாரையும் திட்டவில்லை. "கெட்டியாப் புடிச்சுக்க" என்று ஒரே இழுப்பில் ஏற்றிவிட்டார். இருக்கையெல்லாம் சுண்ணாம்பு. புதுத் தாவணி அங்கேயே வெளுத்தது. இரண்டு வருஷம் நான் அப்படித்தான் மாவில் விழுந்த எலி மாதிரி வகுப்புக்குப் போனேன், முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

லாரி நகரும்போதுதான் அம்மா சோற்றுத் தூக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தது நினைவு வந்து, "நில்லு, நில்லு" என்று ஓடிவந்து கதவு வழியாக எட்டி நீட்டினாள். இடது கையால். வலது கையில் அரிவாள் இருந்ததே, அதனால்தான் என்று யாரும் சொல்லலாம். ஆனால் சின்ன வயதிலிருந்தே அரிவாள் பிடித்தவள் அவள். ஒரு கை வேண்டுமென்றால் அரிவாளை இடுப்பில் செருகிக்கொள்ள அவளுக்குத் தெரியாதா?