சீனி எங்கே?

கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, ரொட்டி புரட்டும் சாக்கில் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறார் கடைக்காரர் பரீதா. எங்களுக்கெல்லாம் அவர் ராத்தா, அக்கா மாதிரி. தேநீரில் சீனி இல்லை. மறதி என்று நினைத்தால் ஏமாந்தீர்கள்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் வீதியில், பஸ் தரிப்பிடத்தை ஒட்டியது அவர் கடை. பல்கலைக்கழக வளாகத்துப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு இங்கேதான். "என்ன ராத்தா, கசாயமா?" என்று கத்துகிறவனுக்கு உடனே இரண்டு கரண்டி சீனி விழும். பேசாமல் குடிக்கிறவனுக்கு மறுநாளும் வெறும் தேநீர்தான்.

"கொழுவுற, சண்டை புடிக்கிற புள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்ல. என்னத்தக் குடுத்தாலும் விழுங்குறானே, அவனத்தான் பாக்கணும்" என்பார் பரீதா.

இந்த வைத்தியம் சிலவேளை காலை வாரும். விரிவுரையாளர் சோமசேகரம் ஒரு மாதம் வாய் திறக்காமல் குடித்தார். மனுசனுக்கு மனசு சரியில்லை என்று அவர் வீட்டுக்கே போய் மனைவியிடம் சொல்லிவிட்டார் பரீதா. சோமசேகரத்துக்கோ நீரிழிவு, கேட்காமலே சீனியைக் குறைக்கிற நல்ல கடை என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். நானும் தப்பவில்லை. முதல்நாள் மரியாதைக்காகக் குடித்து முடித்தேன். "வீட்டில என்ன பிரச்சினை?" என்று அரை மணி நேர விசாரணை. இல்லை என்று சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம் கூடியது.

சிந்துஜன் விஷயத்தில் மட்டும் அவர் பிழைவிடவில்லை. வெருகல் மீன்பிடிக் குடும்பத்தில் வளாகத்துக்கு வந்த முதல் பிள்ளை. பாடமெல்லாம் ஆங்கிலத்தில், இரண்டு பாடம் ரிப்பீட். ஊர் முழுக்கப் பெருமை பேசிவிட்டு அம்மா தினமும் போன் எடுப்பார். இவன் "நல்லாப் போகுதம்மா" என்பான். பதினொரு நாள் சீனியில்லாத தேநீரை முகம் சுளிக்காமல் குடித்தான். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் பரீதா அவன் எதிரே கதிரையை இழுத்துப் போட்டார். "நித்திரை கொள்றயா மகன்?"

"இல்லை ராத்தா. எழும்பவும் மனமில்லை. வீட்டில சொல்ல ஏலாது."

"வீட்டுக்குப் புறகு சொல்லுவம். இப்ப டொக்டரிட்டப் போவம்."

பெருநாள் தவிர பூட்டாத கடையை அன்று காலையிலேயே பூட்டினார். ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் பக்கத்திலேயே இருந்து, "நான் இவன்ட ராத்தா" என்று தாதியிடம் சொன்னாராம். பெயர்கள் இரண்டையும் எழுதிய தாதி ஒன்றும் கேட்கவில்லை. அதன்பிறகு அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, செவ்வாய்தோறும் கடை அரைநாள் பூட்டு. வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தோம், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நடுவில் ஒருநாள் அம்மாவிடம் உண்மையைச் சொல்ல அவனுக்குப் போன் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான்.

எட்டாவது வாரத்தில், அதாவது நேற்று, சிந்துஜன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளினான்.

"ராத்தா, இதைக் குடிக்க ஏலாது. சீனி எங்க?"

"வாய் நீண்டுபோச்சு உனக்கு" என்று ஏசியபடி கோப்பையை எடுத்துப்போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார் பரீதா. ஒரு கரண்டி, இரண்டு, மூன்று. முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துவிட்டு, நான்காவதையும் போட்டார்.