நீல டேப்

விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளும் அக்காவுக்குப் பத்தொன்பது வருட சர்வீஸ். நடக்க முடியாதவர்களைவிட, நடப்பேன் என்று வீம்பு பிடிக்கும் வயதானவர்கள்தான் அவருக்குக் கவலை. அவர்கள் மூச்சு வாங்கி நிற்கும் இடத்திலெல்லாம் தரையில் நீல டேப் ஒட்டிவைப்பார்.

"தரைய என்ன நோட்டுனு நெனச்சியாக்கா?" என்று துப்புரவுத் தம்பி தினமும் பிய்ப்பார். அக்கா மறுபடி ஒட்டுவார்.

புது முனையத்தின் வரைபடத்தை ஊழியர்களுக்குக் காட்டினார்கள். மறுநாள் அதற்கு ஒப்புதல் கையெழுத்து. வரைபடத்தில் பாதுகாப்புச் சோதனை முடிந்து விமான வாசல்வரை வெறும் கடைகள்.

"உக்கார எடம் எங்க சார்?" என்றார் அக்கா.

"வாசல்ல எழுநூறு சீட் இருக்கும்மா," என்றார் வரைந்த பொறியாளர்.

"அங்க போய்ச் சேரணுமே. ஒரு பயணப் பெட்டியத் தூக்கிட்டு எங்கூட நடங்க."

பழைய முனையத்தில் வாசலுக்குப் போகும் பாதி வழியில் பொறியாளர் பெட்டியை இறக்கினார்.

"ஏன் நின்னுட்டீங்க?"

"சும்மாதான்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. கீழ பாருங்க."

அவர் காலடியில் நீல டேப் இருந்தது.

மறுநாள் கையெழுத்து நடக்கவில்லை. டேப்புக்கு டேப் எவ்வளவு தூரம் என்று பொறியாளர் அளந்துகொண்டிருந்தார். அளவு நாடாவின் மறுமுனையைத் துப்புரவுத் தம்பி பிடித்திருந்தார்.