ஆந்தையின் இடது கால்

சரக்குக் கிடங்கில் அவருக்கு ஆந்தை என்று பெயர். இருபது வருஷத்துக்கு மேல் இரவு ஷிப்டிலேயே சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அவரும் கோபித்துக்கொண்டதில்லை. "ஆந்தைக்கு மேனேஜர் தொல்லை கிடையாதுப்பா" என்று சிரிப்பார். காலையில் அவர் செருப்பைக் கழற்றும் நேரம்தான் மனைவி தையல் கம்பெனிக்குச் செருப்பை மாட்டும் நேரம். வாசலில் நின்று பேசிக்கொள்ளும் நாலு வார்த்தைதான் அவர்கள் குடித்தனம்.

முதலில் இடது கெண்டைக்கால் தகராறு செய்தது. பஸ் நிறுத்தம்வரை நடப்பதற்குள் பிடித்து இழுக்கும், நின்றால் விட்டுவிடும். "வயசாகுதில்ல" என்று தைலம் தேய்த்தே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டார். கட்டைவிரல் கறுத்த பிறகுதான் மனைவி அவரைத் தரதரவென்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டரம்மா கேட்டார்: "சிகரெட் உண்டா?"

"தொட்டதே இல்லம்மா."

"உங்களுக்கு ஐம்பத்திரண்டு. உங்க ரத்தக்குழாய்க்கு எழுபது தாண்டிடுச்சு. சுவரெல்லாம் விறைச்சு, அடைச்சுக் கெடக்கு."

என்ன வேலை என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர் ஒரு விஷயம் சொன்னார். இருட்டினால் மூளையில் மெலடோனின் என்று ஒன்று சுரக்கும். தூக்கத்துக்கு மட்டுமல்ல, ரத்தக்குழாய் சீக்கிரம் கிழடு தட்டாமலும் அது காக்கலாம் என்கிறார்கள். ராத்திரி முழுக்க விளக்கு வெளிச்சத்தில் இருப்பவர்களுக்கு அது சரியாகச் சுரப்பதில்லை.

"அதை மாத்திரையா முழுங்கினா கால் பழையபடி ஆயிடுமா?"

டாக்டரம்மா மழுப்பவில்லை. "எலிங்களுக்குக் கொடுத்துப் பார்த்ததுல நல்ல பலன் இருந்திருக்கு. மனுஷங்களுக்கு இன்னும் உறுதியாத் தெரியல. உங்களுக்கு ராத்திரி வேலையாலதான் வந்துச்சுன்னும் நான் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இந்தக் காலைக் காப்பாத்துற கட்டம் போயிடுச்சு."

"எலியாப் பொறந்திருக்கலாம்" என்றார் ஆந்தை. யாரும் சிரிக்கவில்லை.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஊன்றுகோலோடு கிடங்குக்குப் போனவரை உட்காரவைத்து, காபி கொடுத்து, இனி வேலைக்கு வர வேண்டாம் என்று நல்லபடியாகப் பேசி அனுப்பிவைத்தார்கள். அந்த வாரமே மனைவி தையல் வேலையை விட்டுவிட்டாள். அதே கிடங்கில், இரவு ஷிப்டில், பெட்டி பிரிக்கும் வேலை. தையலைவிடச் சம்பளம் கூட.

"அந்த டாக்டரம்மா சொன்னது உன் காதுல ஏறலையா?" என்று கத்தினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் குரல் அப்படி உயர்ந்ததில்லை.

"நானும் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தேன்" என்றாள். "நல்லாவே ஏறுச்சு. அடுப்பு எரியணும். வேற வழியிருந்தா நீங்களே சொல்லுங்க."



இப்போது காலையில் வந்து படுப்பவள் அவள். ஜன்னல் முழுக்கக் கறுப்புத் துணி அடித்திருக்கிறார். கதவிடுக்கில் வெளிச்சம் நுழையாமல் கந்தலைச் சுருட்டிச் செருகிவிட்டு, வெளியே நாற்காலி போட்டுக் காவல் இருக்கிறார். தெருவில் யாராவது உரக்கப் பேசினால் கையைக் கூப்பி அடக்குகிறார். உள்ளே அவள் புரண்டு புரண்டு படுக்கும் சத்தம் மத்தியானம்வரை கேட்டுக்கொண்டே இருக்கிறது.